ஹாலுக்கு என்ன கலர்? திங்கட்கிழமைக்குள் பெயிண்டருக்கு ஷேட் நம்பர் சொல்ல வேண்டும்

திண்ணைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். திருச்சியில் அப்பா அம்மா இருக்கும் வீடு, 1994-ல் கட்டியது. பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்து முடித்தாக வேண்டும். நான் வேலைக்கு 12 நாள் லீவு போட்டு வந்திருக்கிறேன்.

மேற்குப் பார்த்த வீடு. ஹால் 14-க்கு 12, உயரம் 10 அடி. மேற்கில் ஒரு ஜன்னல், தெற்கில் ஒரு ஜன்னல். தெற்குப் பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பிவிட்டதால் அந்த ஜன்னலில் பகலிலேயே வெளிச்சம் குறைவு. தரை மொசைக்: வெள்ளையில் செங்கல் நிறமும் கறுப்புமாகக் கல் துண்டுகள். கதவு, நிலை எல்லாம் தேக்கு. இப்போது சுவரில் இருப்பது வெளுத்துப்போன ரோஸ் டிஸ்டெம்பர்.

இன்ஸ்டாகிராமில் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு சுவர் சாம்பல், மற்ற மூன்றும் மெல்லிய சாம்பல்பச்சை என்று ஆசை. அம்மாவுக்கு அடுப்படி ஆரஞ்சாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு வயது 76. "வெளிச்சமா இருந்தாப் போதும்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. ஷேட் கார்டைச் சுவரில் ஒட்டி வைத்தேன். காலையில் அழகாக இருக்கிறது, ராத்திரி டியூப்லைட்டில் செத்துப்போகிறது. எதை நம்புவது?

ஈசானிமூலை:
அம்மா சொல்வதைக் கேளுங்கள் சகோதரி. அடுப்படி அக்னி மூலையில் இருந்தால் ஆரஞ்சு, சிவப்பு சேர்ந்த நிறம் நல்லது. படுக்கையறைக்கு இளநீலம் அடித்தால் நிம்மதியான தூக்கம் வரும். சாம்பல் நிறம் வீட்டுக்கே ஆகாது.

வாடகைவீட்டுக் கோவைக்காரன்:
சாம்பல் மட்டும் வேண்டாங்க. போன வருசம் நாங்க குடியிருக்கற வீட்டுல ஓனர்கிட்டக் கெஞ்சி அனுமதி வாங்கி ஹாலுக்கு அடிச்சோம். போட்டோவுல பாத்த வீட்டுக்கு ஒரு பக்கம் பூராக் கண்ணாடிங்க. எங்களுக்கு ஒரே ஜன்னல். ஊர்ல இருந்து வந்த பெரியப்பா, "பூச்சு வேலை முடிச்சு பெயிண்ட் எப்பப்பா?"ன்னு கேட்டாருங்க. அன்னைக்குத்தான் உறைச்சுது.

மதுரை உப்புத்தாள்:
தங்கச்சி, 22 வருசமா பெயிண்டிங் வேலை பாக்குறேன். ஷேட் கார்டுல இருக்குறது ரெண்டு விரல் அகலத் துண்டு. அதை வச்சு ஒரு ரூமை முடிவு பண்ணக் கூடாது. நாலு சுவரும் ஒரே கலரா ஆகும்போது இந்தச் சுவர்ல பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவருக்குப் போயி, அங்கிருந்து திரும்பி வந்து, கலர் ஒரு படி கூடிரும். கார்டுல பிஞ்சு பச்சையாத் தெரியிறது ரூம்ல கிளிப்பச்சையா நிக்கும். அதனால மனசுக்குப் புடிச்சதுல இருந்து ஒரு படி வெளுப்பா எடுங்க.

சாம்பிளுக்குச் சின்ன டப்பா வாங்குங்க. நேரா சுவர்ல அடிக்காதீங்க, பழைய ரோஸ் பக்கத்துல எந்தக் கலரும் அதோட உண்மையான முகத்தைக் காட்டாது. ரெண்டடிக்கு ரெண்டடி கெட்டி அட்டையில பிரைமர், அதுக்கு மேல ரெண்டு கோட்டு. சுத்தி நாலு விரலுக்கு வெள்ளை ஓரம் விடுங்க. நல்லாக் காயணும். எமல்ஷன் ஈரத்துல ஒரு மாதிரி இருக்கும், காஞ்சா ஒரு பொட்டு அடர்த்தியாகும். காலைல எட்டு மணி, மதியம், வெயில் இறங்குற நேரம், ராத்திரி லைட்டு, இந்த நாலு நேரமும் பாருங்க. ஜன்னல் பக்கம் ஒருக்கா, மூலைல ஒருக்கா, தரையை ஒட்டி ஒருக்கா வைங்க.

ஒரு கேள்வி. ராத்திரி என்ன லைட்டு போடுறீங்க?

திண்ணைப்பொண்ணு:
எல்லா ரூமிலும் எல்இடி டியூப்தான் அண்ணா. பெட்டியில் 6500கே, கூல் டேலைட் என்று போட்டிருக்கிறது.

சாயப்பட்டறை:
அம்மா, நான் காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் போட்டு ஓய்வு பெற்றவன். சுவரைப் பற்றி எனக்குத் தெரியாது, நிறத்தைப் பற்றித் தெரியும். மதுரைத் தம்பி சொன்ன வெள்ளை ஓரம் மிக முக்கியம். அதற்குக் காரணம் சொல்கிறேன்.

ஒரே தொட்டியில் முக்கியெடுத்த அரக்கு நூலை ஒரு சேலையில் பச்சைக் கரைக்குப் பக்கத்திலும் இன்னொன்றில் வாடாமல்லிக்குப் பக்கத்திலும் கோத்தால், பார்க்கிறவர்கள் "ரெண்டும் வேற சாயம்" என்று சத்தியம் செய்வார்கள். பச்சைக்குப் பக்கத்தில் அரக்கு கொதிக்கும், வாடாமல்லிக்குப் பக்கத்தில் தணிந்துவிடும். பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தில் 1824-ல் சாயப் பகுதிக்குப் பொறுப்பேற்ற ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், "கறுப்புச் சாயத்தில் ஆழமே இல்லை" என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால்தான் அந்தக் கறுப்பு வெளிறித் தெரிந்தது. பக்கத்தில் இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றும் என்பதையே ஆராய்ந்து 1839-ல் பெரிய நூலாக வெளியிட்டார்.

உங்கள் வீட்டில் மாற்ற முடியாத நிறங்கள் எவை? மொசைக்கில் உள்ள செங்கல் நிறம், தேக்கு நிலை. இரண்டும் சிவப்பு, மஞ்சள் குடும்பம். சுவர் இந்த இரண்டோடும் பேச வேண்டும். கார்டை விடுங்கள், அட்டையைத் தரையிலேயே நிறுத்திப் பாருங்கள். எங்கள் பட்டறையில் நூல் கற்றையை உள்ளே வைத்து யாரும் முடிவு சொல்ல மாட்டோம். வாசற்படிக்கு எடுத்துப்போய் காலை வெளிச்சத்தில், கட்டப்போகிற கரை நூலோடு சேர்த்துப் பிடித்துத்தான் பார்ப்போம்.

திண்ணைப்பொண்ணு:
ஐயா, அண்ணா, இரண்டு பேர் சொன்னதையும் செய்து பார்த்தேன். மூன்று அட்டை: சாம்பல், சாம்பல்பச்சை, சந்தனம் கலந்த வெள்ளை.

சாம்பல் தரைக்குப் பக்கத்தில் லேசாக நீலமாகிவிட்டது. பச்சை காலை பத்து மணி வரை அவ்வளவு அழகு. மாலை டியூப்லைட் போட்டதும் அதற்குப் பக்கத்தில் அம்மா நின்றார், முகம் காய்ச்சல் வந்த மாதிரி தெரிந்தது. சந்தனம் மட்டும் நாலு நேரமும் ஓரளவு ஒரே மாதிரி இருந்தது, ஆனால் டியூப்லைட்டில் கொஞ்சம் அழுக்காகத் தெரிகிறது. தரையில் நிறுத்தியதும் மொசைக்கின் செங்கல் துண்டுகள் எழுந்து நின்ற மாதிரி இருந்தது. முப்பது வருடமாக அந்தத் தரையில்தான் நடக்கிறேன், அதில் அவ்வளவு சிவப்பு இருக்கிறது என்று இன்றுதான் பார்த்தேன்.

சுண்ணாம்புச்சாந்து:
நான் கட்டட வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். இரண்டு விஷயம்.

முதலாவது விளக்கு. பெட்டியில் உள்ள 'கே' எண் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்வது. 6500கே வெளிச்சத்தில் நீலம் தூக்கல், அதனால் மஞ்சள் சார்ந்த நிறங்கள் மங்கி அழுக்காகும். 3000கே வார்ம் ஒயிட் போட்டால் சந்தனம் பூக்கும், ஆனால் இளநீலம் மண் நிறமாகும். 4000கே இரண்டுக்கும் நடுவில். பெயிண்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் நூறு இருநூறு ரூபாய்க்கு ஒரு பல்பை மாற்றிப் பாருங்கள். பெட்டியில் சிஆர்ஐ 90-க்கு மேல் என்று இருந்தால் இன்னும் நல்லது, நிறங்கள் உள்ளபடி தெரியும்.

இரண்டாவது வெயில். வெளிநாட்டுக் குறிப்புகளில் "வடக்கு அறைக்குச் சூரியனே வராது, அதனால் கதகதப்பான நிறம் அடியுங்கள்" என்று இருக்கும். அது லண்டனுக்குச் சரி. திருச்சி 11 பாகைக்குச் சற்றுக் குறைவான அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதி தாண்டியதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அஸ்தமனமும் அப்படித்தான். டிசம்பர் கடைசியில் நேர்மேற்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே சாய்ந்து இறங்கும் சூரியன், ஜூனில் அதே அளவு வடக்கே போய் இறங்கும். நீங்கள் ஜனவரியில் அட்டையைப் பார்க்கிறீர்கள். மேற்கு ஜன்னல் வழியாக மே மாதம் நாலு மணிக்கு வரும் வெயில் இப்போது விழும் சுவரில் விழாது, எதிர் மூலைக்குப் போகும். அந்த மூலையில் பளபளப்பான பெயிண்ட் அடித்தால் கண் கூசும். பட்டி பார்த்ததில் உள்ள மேடுபள்ளமும் அப்படியே காட்டிக்கொடுக்கும். ஹாலுக்கு மேட் அல்லது மெல்லிய மினுக்கம் போதும்.

தெற்குச் சுவருக்கு எல்ஆர்வி எண்ணைக் கேளுங்கள். சுவரில் பட்ட வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதன் அளவு அது, 0 முதல் 100 வரை. சில கம்பெனிகள் ஷேட் நம்பருடனே போடுகிறார்கள். வெளிச்சம் குறைந்த ஹாலில் 70-க்குக் கீழே போகாதீர்கள்.

ஈசானிமூலை:
எண்களைச் சொல்லி நம்பிக்கையை ஒதுக்கிவிடாதீர்கள். இளநீலம் தூக்கம் தரும் என்பது வாஸ்து மட்டுமல்ல, மனநலம் படித்தவர்களும் சொல்கிறார்கள்.

சுண்ணாம்புச்சாந்து:
ஐயா, நான் ஒதுக்கவில்லை. அம்மா ஆசைப்பட்டால் அடுப்படியில் ஆரஞ்சு இருக்கட்டும், அது அவர் நாள் முழுக்க நிற்கும் இடம். காய் நறுக்கும் மேடைக்கு எதிர்ச்சுவரில் மட்டும் வேண்டாம் என்பேன். ஆரஞ்சு வெளிச்சம் பட்டால் கீரை பழுத்ததா இல்லையா என்று தெரியாது. லாஃப்ட் கதவுகளுக்கு அடிக்கலாம்.

நிறம் மனதை இப்படித்தான் மாற்றும் என்று அடித்துச் சொல்வதில்தான் எனக்குத் தயக்கம். 1979-ல் அமெரிக்காவில் சியாட்டில் நகரக் கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு ஒருவகை இளஞ்சிவப்பு அடித்தார்கள், கைதிகள் சாந்தமானார்கள் என்று உலகம் முழுக்கப் பரவியது. பிற்பாடு கட்டுப்பாட்டோடு சோதித்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. படுக்கையறையில் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது சுவரைவிட ராத்திரி எரியும் வெள்ளை டியூப்தான். அதை மாற்றினால் எந்தச் சுவருக்குள்ளும் தூங்கலாம்.

ஈசானிமூலை:
லாஃப்ட் கதவு யோசனை நல்லது. அக்னி மூலையில் அந்த நிறம் இருந்தால் போதும், நாலு சுவரும் வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

கண்ணாடிக்கடை:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கண் பரிசோதனை செய்வது என் தொழில். அப்பாவுக்கு 76 என்கிறீர்கள். கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டதா?

திண்ணைப்பொண்ணு:
வலது கண்ணுக்கு இரண்டு மாதம் முன்பு ஆனது. இடது கண்ணுக்குப் பங்குனிக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

கண்ணாடிக்கடை:
அப்படியென்றால் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் வைத்திருக்கும் சந்தன அட்டையை அப்பாவிடம் காட்டுங்கள். இடது கண்ணை மூடி ஒரு தடவை, வலது கண்ணை மூடி ஒரு தடவை என்ன நிறம் என்று கேளுங்கள். பிறகு இங்கே வந்து எழுதுங்கள்.

திண்ணைப்பொண்ணு:
கேட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "வெள்ளை. கொஞ்சூண்டு மஞ்சள்" என்றார். வலது கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "டீத்தண்ணி" என்றார். திரும்பவும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார், சின்னப் பிள்ளை மாதிரி. அப்புறம் சுவரில் இருக்கும் பழைய ரோஸைப் பார்த்துவிட்டு, "இது ரோஸா? இத்தனை வருசமா மண்ணு கலர்னு நினைச்சேன்" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடிக்கடை:
கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக மஞ்சளாகும். நாளுக்கு நாள் மெதுவாக ஆவதால் யாருக்கும் தெரியாது. ஓவியர் மோனேவுக்கு 1923-ல் வலது கண்ணில் ஆபரேஷன் ஆனபிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று வருந்தியிருக்கிறார். அப்பாவின் இரண்டு கண்ணும் இப்போது இரண்டு வீட்டைப் பார்க்கின்றன. இன்னொன்றும் முடிந்தால் சமமாகும்.

60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். உங்களுக்கு இதமாக இருக்கும் சாம்பல்பச்சை அவருக்கு அந்தி நேரம். நீலமும் பச்சையும் மங்கலாக இருந்தால் பிரித்துப் பார்ப்பதும் கஷ்டம்.

நான் சொல்ல வந்தது இன்னொன்று. வயதானவர்களுக்கு நிறத்தைவிட நிறத்துக்கும் நிறத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் கை கொடுக்கும். வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்ச்போர்டு அவருக்குத் தெரியாது, தடவித்தான் கண்டுபிடிப்பார். தரையும் சுவரும் ஒரே வெளுப்பாக இருந்தால் தரை எங்கே முடிகிறது என்று கால் தயங்கும். பாத்ரூமில் வெள்ளை டைல்ஸ், வெள்ளைக் கோப்பை, வெள்ளைக் கைப்பிடி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். விழுவது அங்கேதான். சுவிட்சைச் சுற்றி அடர்ந்த சட்டம், கைப்பிடிக்கு அழுத்தமான நிறம், படி விளிம்பில் ஒரு கோடு. இதற்குப் பிறகுதான் அழகு.

சாயப்பட்டறை:
எனக்கும் இரண்டு கண்ணும் ஆபரேஷன் ஆனது. அதன்பிறகு என் கையால் சாயம் போட்ட பழைய சேலை ஒன்றை மகள் கட்டிவந்தாள். மயில்கழுத்து நிறம், பாவு நீலம், ஊடை பச்சை. அந்த நீலத்தை நான் மறந்தே போயிருந்தேன். அப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

சுண்ணாம்புச்சாந்து:
கண்ணாடிக்கடை சொன்னதற்கு நம் பழைய வீடுகளிலேயே பதில் இருக்கிறது. சுவரின் கீழே மூன்று, மூன்றரை அடிக்கு அடர்ந்த நிறத்தில் பட்டை அடிப்பார்கள், மேலே வெள்ளை. கிராமத்து வீடுகளில் காவிப் பட்டை. பழைய பள்ளிக்கூடங்களில் ஆயில் பெயிண்ட். சாய்ந்து உட்காரும் இடத்தில் தலை எண்ணெய்க் கறை தெரியாது, ஈரத்துணியால் துடைக்கலாம். தரைக்கும் சுவருக்கும் எல்லை கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் ஓரத்துக்கு மட்டும் வேறு வரிசை ஓடுமே, அதுவும் கால் அறியும் எல்லைதான்.

உங்கள் ஹாலில் மேலே சந்தன வெள்ளை, கீழே மொசைக்கில் இருக்கும் செங்கல் நிறத்திலிருந்தே எடுத்த, கொஞ்சம் வெளுத்த காவி. கீழ்ப்பட்டை வெளிச்சத்தைக் குடிக்காதா என்று கேட்பீர்கள். மேலே ஆறரை அடிக்கும் கூரைக்கும் வெளுப்பு இருக்கிறது, போதும். கூரை சுத்த வெள்ளையாக இருக்கட்டும்.

மதுரை உப்புத்தாள்:
சார் சொன்ன பட்டைக்கு என் ஓட்டு. இப்ப வேலைக் கணக்கு.

மொசைக்குக்குப் பாலிஷ் போடுற எண்ணம் இருந்தா அதை முதல்ல முடிங்க. மெஷின் ஓட்டுனா சேறு சுவர்ல தெறிக்கும். பாலிஷ் ஆனதும் தரைக் கலரும் மாறும், அதுக்கப்புறம் அட்டையை இன்னொருக்கா வச்சுப் பாருங்க.

டிஸ்டெம்பர் மேல எமல்ஷன் நிக்காது, முழுசாச் சுரண்டணும். கீழ ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தா அதைச் சரி பண்ணாம பட்டி பாக்க விடாதீங்க, எந்தக் கலரும் ஒரு மழைக்குத் தாங்காது.

ஜன்னல் கிரில்ல 1994 எனாமல் இருந்தா உலர் உப்புத்தாள் போட விடாதீங்க. பழைய எனாமல்ல ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். தண்ணி தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்க, சின்னப் புள்ளைக வீட்டுல இருந்தா அன்னைக்கு வேற இடத்துல இருக்கட்டும். தேய்க்குறவருக்கும் மாஸ்க் குடுங்க.

ஹாலுக்கு ஜன்னல், கதவு போக 440 சதுர அடி வரும். ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 அடின்னு வச்சா மேல ரெண்டரை லிட்டர், கீழ ஒன்றரை லிட்டருக்குள்ள முடியும். குறைய வாங்கிட்டு மறுபடி கடைக்கு ஓடாதீங்க. ஒரு தடவை ஒரு கடையில பாதி வேலையில பெயிண்டு தீந்துபோச்சு. அதே நம்பர்தான் கலந்து குடுத்தாங்க. சுவர் நடுவுல கோடு கிழிச்ச மாதிரி நின்னுச்சு. முழுச் சுவரையும் என் கைக்காசுல திரும்ப அடிச்சுக் குடுத்தேன். ரெண்டு டப்பா வாங்குனாலும் ஒரே வாளியில ஊத்திக் கலந்துட்டுத் தொடங்கச் சொல்லுங்க.

திண்ணைப்பொண்ணு:
வேலை முடிந்தது. போகி அன்று காலை கடைசிக் கோட்டு.

ஹால்: மேலே சந்தன வெள்ளை, கீழே மூன்றரை அடிக்கு வெளுத்த காவி. இரண்டும் சேரும் இடத்தில் பெயிண்டர் நூல் பிடித்து ஒரு விரல் அகலத்துக்கு அரக்குக் கோடு போட்டார். அதை யாரும் கேட்கவில்லை, அவராகவே போட்டார். அந்தக் கோடுதான் ஹாலையே கட்டிப் பிடித்திருக்கிறது. டியூப்லைட்டை எடுத்துவிட்டு 4000கே போட்டோம். அப்பா பேப்பர் படிக்கும் நாற்காலிக்கு மேலே தனியாக ஒரு விளக்கு. சுவிட்ச்போர்டு எல்லாவற்றுக்கும் தேக்கு நிறச் சட்டம். பாத்ரூம் கைப்பிடிக்கு அடர்நீலம். அடுப்படி லாஃப்ட் கதவுகள் ஆரஞ்சு, அம்மா தினமும் அதைத் துடைக்கிறார்.

எனக்குப் பிடித்த சாம்பல்பச்சையை விடவில்லை. மாடியில் கிழக்கு ஜன்னல் உள்ள என் பழைய ரூமுக்கு அடித்தேன். அங்கே காலை வெயில் உண்டு, டியூப்லைட் கிடையாது.

நேற்று ராத்திரி கரண்ட் போய் வந்தது. அப்பா எழுந்து, சுவரைத் தடவாமல், கோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்துபோய் ஃபேன் சுவிட்சைப் போட்டார்.

கண்ணாடிக்கடை:
இடது கண் ஆபரேஷன் முடிந்ததும் ஒரு தடவை அதே அட்டையைக் காட்டிப் பாருங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

திண்ணைப்பொண்ணு:
அட்டை பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. அப்பாதான் பத்திரப்படுத்தினார்.

மதுரை உப்புத்தாள்:
மிச்சப் பெயிண்டு?

திண்ணைப்பொண்ணு:
அரை லிட்டர் காவி, கால் லிட்டர் சந்தனம். மூடி இறுக்கமான பாட்டிலில் ஊற்றி, ஷேட் நம்பர், கலந்த தேதி எழுதி ஒட்டி, பரணில் வைத்திருக்கிறேன் அண்ணா.